ஆறு மாதத்துக்கு ஒரு பிள்ளை

“உன்னத் தத்து எடுத்துக்கினா, நீ அந்த வூட்டுக்கே பூடுவியாப்பா?”

இரண்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த கீர்த்தி ஒரு நாள் காலையில் இப்படிக் கேட்டாள். கேட்டபோது அவள் வாய் நிறையப் பற்பசை நுரை. அவளுடைய அப்பா வேதகிரி வாசலில் குந்தி இருமிக்கொண்டிருந்தான். நாற்பது வயதைத் தாண்டிய ஆளை யாராவது தத்து எடுப்பார்களா என்று அவனுக்கும் தெரியவில்லை. ஆனால் மார்பு நல மையத்தில் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு ஓர் அதிகாரி சொன்னது பொய்யாக இருக்காது என்று நம்புகிற ஆள் அவன்.

“தெர்லமா. கேட்டுக்கினு வந்து சொல்றேன்,” என்றான்.

கேட்டுக்கொண்டு வருவதற்குள் ஒரு மனிதரின் ஆயுள் முடிந்துபோனது.

வேதகிரிக்குக் காசநோய் வந்தது பட்டணத்தில். அடுக்குமாடி கட்டுகிற இடத்தில் சாரம் கட்டுகிற வேலை. படுக்கை தகரக் கொட்டகையில். கொட்டகைக்கு ஒரே ஜன்னல். அதிலும் யாரோ சட்டையைக் காயப்போட்டிருப்பார்கள். பட்டணத்தில் காசநோய் மையங்களுக்குக் குறைச்சல் இல்லை. வட்டத்துக்கு ஒன்று என்று திறந்து வைத்திருந்தார்கள். திறந்து வைத்தவர்களின் பெயர்களைக் கருங்கல்லில் வெட்டியும் வைத்திருந்தார்கள். சிரமம் என்னவென்றால், வேதகிரியின் கொட்டகை இரண்டு வட்டங்களின் எல்லையில் இருந்தது. அவன் தலைவைத்துப் படுக்கிற பக்கம் ஒரு வட்டம், கால் நீட்டுகிற பக்கம் இன்னொரு வட்டம். தலைப்பக்கத்து மையத்தில், “நீ கால்பக்கம் போப்பா” என்றார்கள். கால்பக்கத்து மையத்தில், “இருமல் எங்கேர்ந்து வருது? நெஞ்சுலேர்ந்துதானே? படுத்தா நெஞ்சு எந்தப் பக்கம் இருக்கு?” என்று கேட்டார்கள். அது நியாயமான கேள்வியாகத்தான் அவனுக்கும் பட்டது.

கடைசியில் ஓர் இளம் டாக்டர் வட்டத்தைப் பற்றி ஒன்றும் கேட்காமல் சளியை வாங்கிச் சோதித்து மாத்திரை கொடுத்தார். “ஊருக்குப் போயிடு. இந்தக் கொட்டாய்ல இருந்தா உனக்கும் சரியாகாது, மத்தவங்களுக்கும் ஒட்டிக்கும். மாத்திரையை அங்கேயே குடுப்பாங்க. ஆறு மாசம், ஒரு வேளைகூட விடாதே. நடுவுல விட்டுட்டா, அப்புறம் இந்த மாத்திரை உன் பேச்சைக் கேக்காது” என்றார். வேதகிரி ஊருக்குப் பேருந்து ஏறினான். பட்டணத்து அறிக்கையில் அவன் ‘வெற்றிகரமாக வெளியேறியவர்கள்’ என்ற தலைப்பின் கீழ் சேர்க்கப்பட்டான்.

அவனுடைய ஊர் நெல்லிமேடு, உத்திரமேரூருக்குத் தெற்கே ஏரிக்கரையை ஒட்டி இருக்கிறது. ஊருக்குள் நுழைகிற இடத்திலேயே புதிதாகக் கட்டிய மார்பு நல மையம். அதன் சுவரில் ‘காற்றோட்டமே முதல் மருந்து’ என்று பெரிதாக எழுதியிருக்கும். உள்ளே கணினிக்குக் குளிரூட்டி வைத்திருந்ததால் ஜன்னல்களை ஆணி அடித்து மூடியிருந்தார்கள். நோயாளிகள் வெளியே புங்கமரத்தடியில் உட்கார்ந்து இருமினார்கள். கணினி உள்ளே நலமாக இருந்தது.

அந்தக் கணினியையும் நோயாளிகளையும் சேர்த்துக் கவனித்துக்கொண்டவள் சுகிர்தா என்ற சுகாதாரப் பணியாளர். நல்ல பெண். வேதகிரியின் பட்டணத்துச் சீட்டைப் பார்த்து விவரங்களைத் தட்டிக்கொண்டே வந்தவள், ஓர் இடத்தில் நின்றுவிட்டாள்.

“அண்ணா, ஒரு பேஜாரு.”

“இன்னாமா?”

“‘தத்துப் பெற்றோர் பெயர்’னு கேக்குது. அத்த ரொப்பாம அடுத்த பக்கம் போ மாட்டேங்குது. அடுத்த பக்கத்துலதான் மாத்திரை கீது.”

“எங்கப்பா பேரப் போடும்மா. ராசமாணிக்கம்.”

“அவரு பெத்த அப்பாண்ணா. இது தத்து அப்பா. உயிரோட வேற இருக்கணும்.”

“இல்லாங்காட்டி?”

சுகிர்தா திரையை அவன் பக்கம் திருப்பிக் காட்டினாள். அவன் பெயருக்கு எதிரே சிவப்பு எழுத்தில் ‘அனாதை’ என்று இருந்தது.

“எனக்குப் பொண்டாட்டி கீது, பொண்ணு கீது. ஊரே எனக்கு சொந்தம்மா.”

“எனக்குத் தெரியும்ணா. அதுக்குத் தெரியாதே.”

பேச்சுக் குரல் கேட்டு உள்ளறையிலிருந்து திட்ட ஒருங்கிணைப்பாளர் வந்தார். அவருக்குக் கோபமே வராது. நோயாளிகளோடு பேசும்போதெல்லாம் ஒரு மேடையில் நிற்பதுபோலவே நிற்பார். “வேதகிரி, நீங்க கவலையே படக்கூடாது. இது ‘அன்புத் தத்து’த் திட்டம். ஒவ்வொரு நோயாளியையும் ஒரு பெரிய மனுஷர் தத்து எடுத்துப்பார். பருப்பு, எண்ணெய், முட்டை எல்லாம் குடுப்பார். மத்த இடங்கள்ல வெறும் மருந்தைக் குடுத்து அனுப்பிடறாங்க. நாம மருந்துக்கு முன்னாடி அன்பைக் குடுக்கறோம். மருந்து எப்ப வேணும்னாலும் குடுத்துடலாம். அன்பு குடுக்க மண்டபம் கிடைக்கணும், தலைமை விருந்தினர் தேதி குடுக்கணும்.”

“அதுவரிக்கும் மாத்திரை, சார்?”

“அதுவரைக்கும் நம்பிக்கை.”

மண்டபம் கிடைப்பதற்குத் தாமதமானது. தேதி கிடைக்க இன்னும் தாமதமானது. பட்டணத்திலிருந்து கொண்டுவந்த மாத்திரை தீர்ந்துபோனது. வேதகிரி தானே ஓர் அப்பாவைத் தேடிக்கொள்ளலாம் என்று கிளம்பினான். கல்குவாரிக்காரர் அவனை வெளியே நிற்கவைத்துப் பேசினார். “போன தபா எடுத்த புள்ளைங்க ரெண்டு பேரும் நல்லாத் தின்னு பூசினாப்ல ஆயிட்டானுங்க. போட்டோவுல யாரு நோயாளி, யாரு நான்னே தெரில. எனக்கு மனசு வுட்டுப்போச்சி.” பெட்ரோல் பங்க் வைத்திருந்தவர் அவனை மேலும் கீழும் பார்த்து, “மெலிஞ்சுதான் கீற. ஆனா மூஞ்சில சோகம் வரலியே. சிரிச்சா மாதிரியே கீது” என்றார். பிறவியிலேயே அவன் முகம் அப்படி. அதற்கு அவன் என்ன செய்வான்?

அந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு மூத்திரம் சிவப்பாகப் போகும். முதலில் அதைக் கண்டு பயந்தவன், இப்போது அது வெளுத்துப்போனதைக் கண்டு பயந்தான். ஒரு வாரம் கழித்துச் சிவப்பு இடம் மாறியது. தலையணையில் வந்தது. அவன் மனைவி பரிமளா அந்த உறையை மகளுக்குத் தெரியாமல் துவைத்து, அவள் பள்ளிக்கூடம் போனபிறகுதான் உலர்த்துவாள். கீர்த்தியைத் தனியாக, கதவருகே படுக்கவைத்தாள். ஒரு நாள் மையத்துக்கு முன்னால் நின்று, “கம்ப்யூட்டருக்கு நான் பொண்டாட்டின்னு எப்படித்தான் புரியவெக்கிறது? தாலியக் காட்டினா ஒத்துக்குமா?” என்று சத்தம் போட்டாள். ஒருங்கிணைப்பாளர் வெளியே வந்து, அவளுடைய உணர்ச்சியைப் பாராட்டி, விழாவில் அதையே இரண்டு நிமிடம் பேச முடியுமா என்று கேட்டார். பரிமளா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி வந்துவிட்டாள்.

அன்று மாலை அவள் பிள்ளையார் கோயிலில் வேண்டிக்கொண்டது ஒன்றுதான். ‘சாமி, இந்த ஆம்பளைக்கு ஒரு அப்பனக் குடு.’ வேண்டுதல் விசித்திரமானதுதான். ஆனால் இப்படிப்பட்ட வேண்டுதல்களைக் கேட்டுப் பழகியவர் அவர்.

விழா ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. முந்தின முகூர்த்தத்துக்குக் கட்டிய வாழைமரங்களை அவிழ்க்காமலே விட்டிருந்தார்கள். நோயாளிகளைக் காலை எட்டு மணிக்கே வரவழைத்து நெருக்கி உட்காரவைத்தார்கள். குளிரூட்டியின் குளிர் வெளியே போகாமல் கதவுகளைச் சாத்தினார்கள். முகம் தெரியவேண்டும் என்பதற்காக எல்லோருடைய முகக்கவசத்தையும் கழற்றச் சொன்னார்கள். “இருமறவங்க இப்பவே இருமி முடிச்சுக்கங்க. தமிழ்த்தாய் வாழ்த்து ஆரம்பிச்சா யாரும் இருமக்கூடாது” என்று ஒருங்கிணைப்பாளர் ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டார். எல்லோரும் அவசர அவசரமாக இருமினார்கள்.

தலைமை விருந்தினர் மதியம் வந்தார். மண்டபத்தைக் கண்டதும் அவர் மனம் நெகிழ்ந்தது. “காசநோயை நாம் ஒழிப்போமோ இல்லையோ, காசநோயாளிகளின் தனிமையை இன்று ஒழித்துவிட்டோம்! ஒரு நாற்காலி இடைவெளிகூட இல்லாமல் எவ்வளவு நெருக்கமாக அமர்ந்திருக்கிறீர்கள்!” என்றார். கைதட்டல். “இந்த மையத்தின் மருந்து சரியில்லை என்று இதுவரை ஒருவராவது புகார் கொடுத்ததுண்டா? இல்லை. ஏன் இல்லை? யோசித்துப் பாருங்கள்!” நோயாளிகளுக்கு யோசிக்க வேண்டிய தேவை இருக்கவில்லை.

ஒவ்வொருவராக மேடைக்கு அழைக்கப்பட்டுத் தத்துக் கொடுக்கப்பட்டார்கள். வேதகிரியின் முறை வந்தபோது அவனுக்கு ஒதுக்கியிருந்த அரிசி ஆலைக்காரர் வரவில்லை. திருப்பதிக்குப் போய்விட்டாராம். தலைமை விருந்தினர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒருங்கிணைப்பாளர் மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தார். கடைசி வரிசையில் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் நீறோடு ஒரு பெரியவர் தனியாக உட்கார்ந்திருந்தார்.

அவர் நெல்லிமேட்டு விவசாயி தாண்டவராயன். ஏரிப் பாசனத்தில் சொந்த நிலமும் பம்புசெட்டும் உள்ளவர். பத்திரிகையில் தேதியைத் தப்பாகப் படித்துக்கொண்டு, முடிந்துபோன ஒரு கல்யாணத்துக்கு வந்திருந்தார். வாழைமரத்தைப் பார்த்து உள்ளே வந்தவர், மாப்பிள்ளை ஏன் இத்தனை பேர் என்று குழம்பிக்கொண்டே பந்திக்குக் காத்திருந்தார். அவரைக் கைப்பிடித்து மேடைக்கு அழைத்துப்போனார்கள்.

“ஐயா, உங்களுக்குப் பசங்க?” ஒருங்கிணைப்பாளர் கேட்டார்.

“இல்லப்பா. கொடுப்பின இல்ல.”

“ரொம்ப நல்லது. இந்தாங்க.” வேதகிரியை அவர் முன்னால் தள்ளினார்.

“இன்னா இது?”

“இவரைத் தத்து எடுக்கறீங்க ஐயா.”

பெரியவருக்குத் தத்து என்ற சொல் புதியதில்லை. அவர் மனைவி பாஞ்சாலி உயிரோடு இருந்தபோது, தன் தம்பி மகனைத் தத்து எடுக்கவேண்டும் என்று ஆசைப்பட்டாள். நாள் பார்த்து, ஐயரை வரவழைத்து, இரு வீட்டாரும் பேசி, கடைசி நேரத்தில் ஏதோ வாக்குவாதத்தில் நின்றுபோனது. பாஞ்சாலி அந்தக் குறையோடு போய்ச்சேர்ந்தாள். தத்து என்றால் அவருக்கு அது: விளக்கு, எள், தண்ணீர், பெற்றவர்கள் அழுகிற அழுகை.

“தத்துன்னா... எல்லாரு முன்னாடியுமா?”

“எல்லார் முன்னாடியும்தான் ஐயா. லைவ்ல போயிட்டிருக்கு.”

“ரோசன பண்ணணுமேப்பா. புள்ளன்றது வெளையாட்டு இல்லியே.”

“யோசிக்க என்ன இருக்கு? ஆறு மாசந்தான்.”

“ஆறு மாசத்துக்கு ஒரு புள்ளையா?” பெரியவர் திகைத்துப்போனார்.

“பிடிச்சிருந்தா ரின்யூ பண்ணிக்கலாம்.”

தாண்டவராயன் வேதகிரியை உற்றுப் பார்த்தார். “நீ எல்லம்மா மவன் இல்ல? காலனி எல்லம்மா?”

“ஆமாங்கையா.”

எல்லம்மா அவருடைய கழனியில் நாற்று நட்டவள். நடவு நாளில் இந்தப் பையனை வரப்பில் துணி விரித்துப் படுக்கவைத்திருப்பாள். பெரியவர் “சரி” என்று சொல்லி அவன் தலையில் கையை வைத்தார். பெரியவரின் தெருவைச் சேர்ந்த யாரும் அதுவரை காலனிக்காரனான அவனைத் தொட்டதில்லை. “கைய கொஞ்சம் தூக்குங்க ஐயா, நெத்தி மறைக்குது” என்றான் போட்டோக்காரன். பெரியவர் கையைத் தூக்கவில்லை.

விழா முடிந்ததும் பருப்பும் எண்ணெயும் வந்தன. மாத்திரை வரவில்லை.

“சார், மாத்திரை...”

“ஸ்டாக் இல்லை வேதகிரி. அது சப்ளை செக்‌ஷன். இது அன்பு செக்‌ஷன். ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கக் கூடாது.”

மறுநாளே பெரியவரின் அண்ணன் மகன் விஜய் மையத்துக்கு வந்தான். செல்போனில் அந்தப் படத்தை வைத்திருந்தான். “இன்னா சார் இது? நாளைக்கி இவன் நெலத்துல பங்கு கேட்டுக்கினு வந்து நின்னா யாரு பதில் சொல்றது? ஊர்ல தலகாட்ட முடியல” என்றான். ஒருங்கிணைப்பாளர் அவனை உட்காரவைத்து, தேநீர் கொடுத்து, அங்கேயே ஒரு சான்றிதழ் அடித்து முத்திரை வைத்துக் கொடுத்தார். ‘மேற்படி தத்து, பருப்பு மற்றும் எண்ணெய் அளவிலானது மட்டுமே எனச் சான்றளிக்கப்படுகிறது.’

விஜய் அதைப் பெரியவரிடம் படித்துக் காட்டினான். “அப்ப முட்டைக்கி நான் அப்பன் இல்லியா?” என்று கேட்டார் அவர். விஜய்க்குச் சிரிப்பு வரவில்லை.

அதன்பிறகு வேதகிரிக்கு நாளுக்கு நாள் மோசமானது. எழுந்து நடந்தால் கண் இருட்டியது. ஒரு நாள் சுகிர்தா வீட்டுக்கே வந்தாள். “அக்கா, பாலாத்துக்கு அந்தாண்ட ஒரு மையத்துல மாத்திரை கீதாம். போன்ல பேசி வெச்சிக்கீறேன். வாரா வாரம் போய் வாங்கிக்கினு வரணும்” என்றாள். பரிமளா உடனே செருப்பை மாட்டினாள். சுகிர்தா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “நீ போனா தர மாட்டாங்கக்கா. பாதுகாவலர்னு ஒரே ஒரு பேருக்குத்தான் அதுல எடம். விழா அன்னிக்கி உன் பேர எடுத்துட்டு பெரியவரு பேர போட்டுட்டாங்க.”

பரிமளா அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். “அந்த வூட்டு வாசல்ல நான் எப்பிடிப் போயி நிப்பேன்? அந்த விஜய்ப்பய நாய அவுத்து வுடுவான்.”

போய் நின்றாள். வாசலுக்கு வெளியே, தெருவில் நின்றாள். என்ன சொல்வதென்று ஒத்திகை பார்த்துக்கொண்டு போனதெல்லாம் மறந்துபோயிற்று. பெரியவர் எட்டிப் பார்த்ததும், “உங்க புள்ளைக்கி மாத்திரை இல்லீங்கையா” என்றாள். சொன்னபிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே உறைத்தது.

தாண்டவராயன் உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு, தன் பழைய டிவிஎஸ்ஸைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

அந்த மையத்தில் அவரை வெகுநேரம் காக்கவைத்தார்கள். “நோயாளிக்கு நீங்க என்ன உறவு?” என்று சந்தேகத்தோடு கேட்டார்கள். “அப்பன்” என்றார். அங்கே இருந்த கணினியும் ஆமாம் என்றது. அந்தத் திட்டத்தின் கணினிகள் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

மாத்திரையை வேட்டி மடிப்பில் பத்திரமாக வைத்துக் கொண்டுவந்தவர், வீட்டுக்குப் போகாமல் தன் பம்புசெட்டுக்குப் போனார். வேதகிரி அங்கே வேப்பமரத்தடியில் சுருண்டு கிடந்தான். இங்கே என்றால் ஊர்க்கண் படாது என்று, கிளம்பும்போதே அவர்தான் பரிமளாவிடம் சொல்லி அவனை வரச் சொல்லியிருந்தார். சொம்பில் தண்ணீர் பிடித்து நீட்டினார். வேதகிரி பழக்கப்படி இரண்டு கையையும் குவித்து வாயருகே வைத்துக்கொண்டான், மேலிருந்து ஊற்றுவார் என்று. அவனுடைய அம்மா அங்கே அப்படித்தான் குடித்தாள்.

“கைய எடு நைனா” என்றார் பெரியவர். “சொம்பை வாங்கி வாய்வெச்சிக் குடி. மாத்திரை தொண்டையில மாட்டிக்கும்.”

வேதகிரி சொம்பைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். “எனக்கு நோவுங்கையா. ஒட்டிக்கும்.”

“வெந்நீர்ல களுவிக்கிறேன். குடி.”

இந்தப் பக்கத்தில் மகன் அப்பாவைக் கூப்பிடுவதும் நைனாதான். அப்பா மகனைக் கொஞ்சிக் கூப்பிடுவதும் நைனாதான். ஒரே சொல் இரண்டு பக்கமும் போய்வரும். ஆனால் வேதகிரியின் வாயிலிருந்து அது திரும்பி வரவில்லை. நாக்கு நுனிவரை வரும். அதற்குள் ‘ஐயா’ முந்திக்கொள்ளும்.

ஐப்பசி மழையிலும் பெரியவர் வாரம் தவறாமல் போய்வந்தார். பாலாற்றுப் பாலத்தில் டிவிஎஸ் நின்றுபோனால் தள்ளிக்கொண்டு நடந்தார். “மளைன்னா இன்னா, மாத்திரைக்கி லீவா?” என்பார். இதற்கிடையே மையத்தில் அவருக்குக் கெட்ட பெயர் ஏற்பட்டது. மற்ற அப்பாக்கள் மாதந்தோறும் பருப்பு கொடுக்கும் படத்தை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். மனம் தேறிவிட்ட கல்குவாரிக்காரர் ஒரே பருப்பை எட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துப் படமெடுத்து முதலிடத்தில் இருந்தார். தாண்டவராயன் ஒரு படமும் அனுப்பவில்லை. எனவே ‘பின்தங்கிய தந்தை’ என்று அவருக்குக் குறிப்பாணை வந்தது. அவர் அதைப் பம்புசெட்டு மோட்டாரில் எண்ணெய் துடைக்க வைத்துக்கொண்டார்.

தை பிறந்தபோது வேதகிரியின் இருமல் நின்றிருந்தது. கீர்த்தி கதவருகிலிருந்து எழுந்துவந்து பழையபடி அவன் பக்கத்தில் படுத்தாள். மாசியில் கடைசி வாரத்து மாத்திரையைக் கொடுத்துவிட்டுப் பெரியவர் சொன்னார்: “இன்னும் ஏளு நாளுதான் நைனா. அப்பறம் சளி குடுத்துப் பாத்துட்டா முடிஞ்சிது. அன்னிக்கி நம்ம கெணத்துல குளிச்சிட்டு, பழையசீவரம் மலைக்கிப் போயி பெருமாளச் சேவிச்சிட்டு வரலாம்.”

“போலாங்கையா.”

அந்த வாரம் முடிவதற்குள், கழனி பார்க்கப் போனவர் வரப்பில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. நெஞ்சுவலி என்றார்கள்.

கொள்ளி வைத்தது விஜய். சுடுகாட்டுக்குப் போகிற வழியில் வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் வேதகிரி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றான். அவனை யாரும் கூப்பிடவில்லை. அவனும் தாண்டிப் போகவில்லை. புகை எழுந்தபோது கும்பிட்டான். பரிமளா வீட்டில் மூன்று நாள் உலை வைக்கவில்லை. கேட்டவர்களிடம் அடுப்பு சரியில்லை என்றாள்.

மாத்திரை முடிந்து, சளி கொடுத்து, முடிவு வந்தது. கிருமி இல்லை. சுகிர்தா அதைத் தட்டப் போனாள். கணினி மறுத்தது.

“அண்ணா, மறுபடியும் அனாதைன்னு காட்டுது. அவரு செத்தத ஏத்திட்டாங்க போல. அப்பா பேரு இல்லாம ‘குணமடைந்தார்’னு போட முடியல.”

ஒருங்கிணைப்பாளர் வெளியே வந்தார். அதே மேடை, அதே கனிவு. “வேதகிரி, வருத்தமே படக்கூடாது. நமக்கு அப்பாக்களுக்குப் பஞ்சமில்லை. பெட்ரோல் பங்க் ஐயாகிட்ட பேசிட்டேன், அவர் ரெடி. சின்னதா ஒரு நிகழ்ச்சி வெச்சு உங்களை எடுத்துப்பார். மறுநாளே குணமாயிடலாம்.”

“வேணாம் சார்.”

“பேரு பெண்டிங்ல நிக்குமே? அரசாங்கக் கணக்குல நீங்க இன்னும் நோயாளி, தெரியுமா?”

“நிக்கட்டும் சார். எங்கப்பா செத்துட்டாரு. துக்கம் களிச்சி தலைக்கி எண்ணெய்கூட வெக்கல நானு. அதுக்குள்ள இன்னோர் அப்பன் எப்பிடி சார்?”

ஒருங்கிணைப்பாளருக்கு இது விளங்கவில்லை. “அவர் பின்தங்கிய தந்தை வேதகிரி!” என்றார், உண்மையான இரக்கத்தோடு.

மனிதாபிமானத்தோடு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். இறந்தவர்களைப் பின்தங்கியவர்களாக வைத்திருப்பது மரபில்லை என்று, அந்த ஆண்டின் ‘சிறந்த தத்துத் தந்தை’ விருதைத் தாண்டவராயனுக்கே அறிவித்தார். அதே மண்டபம், வேறொரு கல்யாணத்தின் வாழைமரம். தலைமை விருந்தினர் பேசினார்: “அமரர் தாண்டவராயன் இன்று நம்மிடையே இல்லை. அதனால் நம் திட்டத்துக்கு எந்தப் பாதிப்பும் இல்லை என்பதை மகிழ்ச்சியோடு தெரிவித்துக்கொள்கிறேன்.” விஜய் பொன்னாடை போர்த்திக்கொண்டு கேடயத்தை வாங்கிக்கொண்டான். பிள்ளையும் மேடைக்கு வந்தால் படம் நன்றாக இருக்கும் என்று வேதகிரியைத் தேடினார்கள். அவன் அன்று அங்கே இல்லை.

விடிவதற்கு முன்பே சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பியிருந்தான். பழையசீவரம்வரை மிதித்தான். மேட்டில்கூட இறங்கவில்லை. மூச்சு இரைக்கவில்லை என்பது மலை கண்ணில் பட்டபிறகுதான் அவனுக்குத் தெரிந்தது. அதை யாரிடமாவது சொல்லவேண்டும் போல இருந்தது.

பாலாற்றில் தண்ணீர் இல்லை. ஒரு கரையிலிருந்து மறுகரைவரை மணல்தான். நடு ஆற்றுக்கு நடந்துபோய், மண்டிபோட்டு, கையாலேயே மணலைத் தோண்டினான். முழங்கை ஆழத்தில் ஈரம் தட்டியது. இன்னும் தோண்டினான். சிறுகச் சிறுக ஊற்றுக் கண் திறந்து, கலங்கலாக வந்து, தெளிந்தது. மடியில் ஒரு காகிதத்தில் கொஞ்சம் எள் முடிந்து கொண்டுவந்திருந்தான். மந்திரம் தெரியாது. கோத்திரம் தெரியாது. யாருக்குச் செய்கிறோம் என்பது மட்டும் தெரியும்.

சுற்றுமுற்றும் பார்த்தான். மணலில் அவன் வந்த காலடிகளைத் தவிர வேறொன்றும் இல்லை.

இரண்டு கையையும் குவித்தான். எல்லம்மாவின் கை எப்படிக் குவியுமோ, அன்று பம்புசெட்டில் பெரியவர் எடுக்கச் சொன்ன கை எப்படிக் குவிந்திருந்ததோ, அப்படி. ஆனால் வாயருகே கொண்டுபோகவில்லை. ஊற்றில் அமிழ்த்தி, நிறைய அள்ளி, எள்ளோடு சூரியன் வருகிற பக்கம் பார்த்து உயர்த்தினான்.

“நைனா” என்றான். “குடி.”

விரல்களின் இடுக்கு வழியாகத் தண்ணீர் மணலில் இறங்கியது. எத்தனை கை விடவேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. ஊற்று ஊறிக்கொண்டே இருந்தது. அவனும் அள்ளி விட்டுக்கொண்டே இருந்தான்.